பாட்னாவிலிருந்து கொல்கத்தா வரை சிறு மோட்டார் படகில் செல்ல எப்படித் தயாராவது?

மயூர் விகார் வாசி:

அனைவருக்கும் வணக்கம். தாமிரபரணிக் கரையில் பிறந்து, இருபத்தாறு ஆண்டுகளாகத் தில்லி மயூர் விகாரில் வாழ்ந்து வருகிறேன். அலுவலகம் போகும்போதும் வரும்போதும் யமுனைப் பாலத்தைக் கடக்கிறேன். நுரை மிதக்கும் அந்த நீரைப் பார்க்கிற ஒவ்வொரு நாளும், ஓடுகிற ஆறு ஒன்றில் பல நாள்கள் தொடர்ந்து போய்வர வேண்டும் என்ற ஆசை வலுத்துக்கொண்டே வந்தது. சென்ற கோடையில் 18 அடி நீளமுள்ள பழைய ஃபைபர் படகு ஒன்றையும், 25 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் ஒன்றையும் வாங்கிவிட்டேன்.

என் திட்டம் இதுதான். டிசம்பர் 24 அன்று பாட்னாவில் படகை இறக்கி, கங்கையின் வழியாகவும் பிறகு பாகீரதி, ஹூக்ளி வழியாகவும் கொல்கத்தாவை அடைய வேண்டும். தொலைவு சுமார் 900 கிலோமீட்டர். எனக்கு ஒன்பது நாள் விடுமுறை கிடைக்கும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் ஓட்டினால் 100 கிலோமீட்டர் ஆகிவிடும் என்று கணக்கிட்டிருக்கிறேன். நானும், என் மைத்துனரும், கல்லூரியில் படிக்கும் என் மகனும் என மூவர் செல்கிறோம். மூவருக்கும் நீச்சல் தெரியும். படகு அரை மீட்டர் ஆழமுள்ள நீரிலேயே மிதந்துவிடும் என்பதால் ஆழத்தைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. எரிபொருள், அனுமதி, இரவுத் தங்கல், குடிநீர் ஆகியவற்றில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன். என் திட்டத்தில் பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.


ஆழம் அளந்தவன்:

ஐயா, வணக்கம். உள்நாட்டு நீர்வழிகளில் ஆழம் அளக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது ராமகிருஷ்ணபுரத்தில், மலை மந்திருக்கு நடந்து போகும் தொலைவில் குடியிருக்கிறேன். தாங்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்லும் முன், கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தங்கள் கணக்கு எஞ்சினின் வேகத்தை வைத்துப் போடப்பட்டிருக்கிறது. ஆற்றில் அன்றன்றைக்குப் போகும் தொலைவைத் தீர்மானிப்பது பகல் வெளிச்சமே.

டிசம்பர் கடைசி வாரத்தில் பாட்னாவில் சூரியன் ஆறரை மணியை ஒட்டி உதித்து, ஐந்து மணி சுமாருக்கு மறைந்துவிடும். பார்க்கப் பத்தரை மணி நேரப் பகல்போலத் தோன்றும். ஆனால் அந்த நாள்களில் கங்கையின்மேல் படியும் மூடுபனி பத்து, பதினொரு மணிக்கு முன்னர் விலகாத காலைகள் பல. தில்லியில் இருக்கும் தங்களுக்கு மூடுபனியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. சாலையில் என்றால் முன்செல்லும் வண்டியின் சிவப்பு விளக்காவது துணை நிற்கும். ஆற்றிலோ இரு கரைகளும் மறைந்து, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதே தெரியாமல் போகும். மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே தங்குமிடம் பார்த்து நங்கூரமிட ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். மிஞ்சுவது நான்கைந்து மணி நேரம்தான், அதுவும் பனி விலகினால். ஆகவே நவம்பர் பாதிக்கு மேல் டிசம்பர் தொடக்கத்துக்குள், அல்லது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரைக்குள் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி கழிந்த ஆறாம் நாள் வரும் சட் பூஜையின்போது பாட்னா படித்துறைகளில் கால் வைக்க இடமிருக்காது. அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது ஆழம். அரை மீட்டர் போதும் என்று தாங்கள் எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. பிரயாக்ராஜிலிருந்து ஹல்தியா வரை 1620 கிலோமீட்டர் நீளும் இவ்வழி 1986-இல் தேசிய நீர்வழி 1 என்று அறிவிக்கப்பட்டது. பார்ஹ் முதல் ஃபராக்கா வரை இரண்டரை மீட்டரும், அதற்குக் கீழே மூன்று மீட்டரும் ஆழமுள்ள கப்பல் வழியைப் பராமரிப்பது இந்திய உள்நாட்டு நீர்வழி ஆணையத்தின் இலக்கு. ஆனால் அந்த ஆழம் ஒரு குறுகிய வழித்தடத்துக்கு மட்டுமே உரியது. பாட்னாவுக்குக் கீழே ஆறு ஓரிரு கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து கிடக்கும். அதில் பெரும்பகுதியில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் நிற்கும். வெள்ளம் வடிந்தபின் ஒவ்வோர் ஆண்டும் வழித்தடம் இடம் மாறும். போன ஆண்டு நடு ஆறாக இருந்த இடம் இந்த ஆண்டு தியாரா எனப்படும் மணல்மேடாகி, அதில் கடுகு விதைத்திருப்பார்கள்.

நீரைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். ஆறு வளையும் இடங்களில் வளைவின் வெளிக்கரையை ஒட்டி ஆழமும், உட்கரையை ஒட்டி மணலும் இருக்கும். கருமையாக, எண்ணெய் தடவியதுபோல் வழவழவென்று ஓடும் நீரை நம்பலாம். சிறுசிறு அலைகளாக மினுமினுக்கும் நீருக்கு அடியில் மணல் மேலெழுந்து நிற்கிறது என்று பொருள். மூங்கில் தட்டிகளை வரிசையாக நட்டிருப்பதைக் காண்பீர்கள். அதற்குப் பந்தல் என்றே பெயர். நம் ஊர்ப் பந்தலை நினைத்துக்கொள்ள வேண்டாம். பக்கவாட்டில் பிரியும் நீரைத் தடுத்து, பிரதான வழித்தடத்துக்குத் திருப்பிவிடுவதற்காக நடப்படுபவை அவை. அவற்றுக்கு அப்பால் படகைச் செலுத்தாதீர்கள். எப்படியும் ஒரு நாளாவது மணலில் ஏறித்தான் தீர்வீர்கள். அப்போது முதலில் எஞ்சினை நிறுத்தித் தூக்கிவிட்டு, மூங்கில் கழியால் நாற்புறமும் ஆழம் பாருங்கள். ஆழம் பார்க்காமல் யாரும் குதித்து இறங்கக் கூடாது. மணல்திட்டின் ஓரம் சுவர்போல் செங்குத்தாக இறங்கும். ஓரடி தள்ளிக் கால் வைத்தால் ஆளை மூழ்கடிக்கும் ஆழம் இருக்கலாம். நீச்சல் தெரிந்தவர்களும் உயிர்காப்பு உடுப்பைப் படகில் ஏறும் முன்பே அணிந்திருக்க வேண்டும்.

மணல் மட்டும்தான் என்றும் எண்ண வேண்டாம். சுல்தான்கஞ்சில் அஜகைபிநாத் கோயில் நிற்கும் பாறையும், கஹல்காவில் நடு ஆற்றில் நிற்கும் மூன்று பாறைத் தீவுகளும் கண்ணுக்குத் தெரிபவை. அவற்றைச் சுற்றி நீருக்குள் மறைந்திருக்கும் பாறைகள் தெரியமாட்டா. சுல்தான்கஞ்சுக்கும் அகுவானிக்கும் இடையே கட்டப்பட்டு வந்த பாலத்தின் ஒரு பகுதி 2023 ஜூனில் ஆற்றில் இடிந்து விழுந்தது. இத்தகைய கட்டுமான இடங்களில் உள்ளூர்ப் படகோட்டி எந்தத் தூண்களுக்கு நடுவே போகிறாரோ அதே வழியில் செல்லுங்கள். குளிர்காலத்தில் இரும்புப் பீப்பாய்களைக் கோத்துப் போடும் தற்காலிகப் பாலங்களும் குறுக்கே வரும். பீப்பாய்களுக்கு இடையில் புகுந்து போய்விடலாம் என்று தோன்றும். நீரோட்டம் படகைக் குறுக்காகத் திருப்பிப் பீப்பாயோடு அழுத்திவிட்டால் அது கவிழ்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. தூரத்திலேயே கரை ஒதுங்கி, பாலத்துக் காவலரிடம் பேசி, அவர் காட்டும் இடைவெளியில் மட்டும் கடக்க வேண்டும்.

சுல்தான்கஞ்ச் முதல் கஹல்காவ் வரையிலான ஆற்றுப் பகுதி 1991 முதல் விக்ரமசீலா ஓங்கில் (டால்பின்) சரணாலயமாக இருக்கிறது. பாகல்பூர் வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். உள்ளூரில் சூன்ஸ் என்று அழைக்கப்படும் கங்கை ஓங்கிலுக்குக் கண்பார்வை ஏறக்குறைய இல்லை. தான் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கொண்டே அது இரை தேடுகிறது, வழி அறிகிறது. நம் எஞ்சினின் இரைச்சல் அதற்குக் கண்ணைக் கட்டிவிட்டதற்குச் சமம். அந்தப் பகுதியில் மிக மெதுவாகச் செல்லுங்கள். முடிந்தால் எஞ்சினை நிறுத்தித் துடுப்புப் போடுங்கள். நீர்ப்பரப்பைப் பிளந்து நீண்ட மூக்கு ஒருமுறை எழும்; பெருமூச்சுப் போன்ற ஓசை கேட்கும்; உடனே மறைந்துவிடும். அதற்காகவே அங்கு ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கலாம்.

ஃபராக்காவில் கவனம் மிக மிகத் தேவை. 1975-இல் இயங்கத் தொடங்கிய அந்த அணையின் மதகுகளை நெருங்கவே கூடாது. பாதுகாப்புப் படை காவல் காக்கும் இடம் அது. வலக்கரையை ஒட்டி வந்து, நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிக் கலங்களைக் கடத்திவிடும் நீர்ப்பூட்டு வழியாகச் சுமார் 38 கிலோமீட்டர் நீளமுள்ள ஊட்டுக் கால்வாயில் இறங்கி, அதன் மூலம் பாகீரதியை அடைய வேண்டும். நீர்ப்பூட்டு தங்கள் ஒரு படகுக்காக எந்நேரமும் திறக்கப்படாது. பெரிய கலங்கள் வரும் நேரத்தோடு சேர்த்துத்தான் விடுவார்கள். ஒரு நாள் காத்திருக்க நேரலாம். அணைக்குக் கீழே பிரதான ஆறு வங்கதேச எல்லையை நோக்கிப் போகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021-இன்படி இயந்திரப் படகுக்குப் பதிவு, ஆய்வு, காப்பீடு ஆகியவை தேவை. பழைய படகு என்கிறீர்கள். முந்தைய உரிமையாளரின் பெயரில் பதிவு இருந்ததா என்பதை இன்றே பாருங்கள். இந்திய உள்நாட்டு நீர்வழி ஆணையத்தின் தலைமையகம் நொய்டா செக்டர் 1-இல், தங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில்தான் இருக்கிறது. நேரில் சென்று திட்டத்தைச் சொல்லுங்கள். குறைந்தபட்ச ஆழம் பற்றிய விவரங்களை ஆணையம் இணையத்திலும் வெளியிடுகிறது. புறப்படும் வாரத்து விவரம் கையில் இருக்கட்டும்.

என் கருத்தில், தங்கள் ஒன்பது நாள்கள் கொல்கத்தாவுக்குப் போதா. பாட்னாவிலிருந்து ஃபராக்கா வரை 460 கிலோமீட்டர். நாளுக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்தால் அதற்கே எட்டு நாள் ஆகும்.


எஞ்சின்காரன்:

நான் தூத்துக்குடிக்காரன். அங்கே மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் வேலை பார்த்துப் பழகியவன்; பிழைப்புக்காகத் தில்லி வந்து கரோல்பாகில் இருக்கிறேன். மேலே ஐயா ஆற்றைப் பற்றிச் சொல்லிவிட்டார். எஞ்சினைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

மணிக்கு 20 கிலோமீட்டர் என்பது ஒருவர் மட்டும் ஏறி, வெறும் படகாக ஓட்டிப் பார்த்த வேகமாக இருக்கும். மூன்று பேர், பெட்ரோல், குடிநீர், கூடாரம், நங்கூரம், சமையல் சாமான் எல்லாம் சேர்ந்தால் 400 கிலோவை நெருங்கும். அந்தச் சுமையோடு 25 குதிரைத்திறன் எஞ்சினால் 18 அடிப் படகை நீரின்மேல் தூக்கி ஓட்டுவது கடினம். படகின் முன்பகுதியான அணியம் வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் நீரில் அமிழும், முன்னால் இருக்கும் மணல்திட்டு ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. அதிகமாகப் பெட்ரோல் குடிப்பதும் அந்த நிலையில்தான். ஆகவே விசையைக் குறைத்து, படகு சமமாக மிதக்கும்படி மணிக்கு ஒன்பது பத்துக் கிலோமீட்டரில் ஓட்டுங்கள். என் அனுபவத்தில் அந்த வேகத்தில் மணிக்கு 3 லிட்டருக்குள் அடங்கும். நீரோட்டமும் கூட வரும் என்பதால் ஐந்து மணி நேரத்தில் 60 கிலோமீட்டர் கைகூடும். மூன்றில் ஒரு பங்கு பெட்ரோலை எப்போதும் தொடாமல் மிச்சம் வையுங்கள்.

பெட்ரோல் விஷயத்தில் இரண்டு செய்திகள். உரிமம் இல்லாமல் 30 லிட்டருக்கு மேல் பெட்ரோலைச் சேமித்து வைக்கச் சட்டம் இடம் தருவதில்லை. கேனில் ஊற்ற மறுக்கும் பெட்ரோல் பங்குகளும் உண்டு. கரையிலிருந்து பங்கு எவ்வளவு தொலைவு, ஆட்டோ கிடைக்குமா என்று மொகாமா, முங்கேர், பாகல்பூர் ஆகிய ஊர்களுக்கு முன்பே விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது, இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பெரும்பாலான அவுட்போர்டுகளின் கையேடு 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். படகில் கேட்கவே வேண்டாம். தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டி ஒன்றைக் கட்டாயம் பொருத்துங்கள், பழைய ரப்பர்க் குழாய்களை மாற்றிவிடுங்கள், அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள்.

கங்கை நீரில் மணல் மிகுதி. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை இறைக்கும் ரப்பர் இம்பெல்லரை அந்த மணல் அரைத்துத் தின்றுவிடும். போன வருடம் உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையிலுள்ள பிரிஜ்காட்டில் நண்பர் ஒருவரின் படகை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சினின் பின்னால் உள்ள சிறு துளையிலிருந்து தண்ணீர்த் தாரை பென்சில் கனத்தில் பீய்ச்சிக்கொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் அது நூல் கனத்துக்கு மெலிந்து, பிறகு சொட்டத் தொடங்கியது. உடனே நிறுத்தினேன். கழற்றிப் பார்த்தால் ஆறு இதழ்களில் இரண்டு அடியோடு முறிந்திருந்தன. புதிது போட்டாயிற்று என்று சொல்லிப் பணம் வாங்கிய கடைக்காரர் பழையதையே துடைத்து மாட்டியிருந்தார். ஆகவே வேலையைத் தங்கள் கண்முன்னால் செய்யச் சொல்லுங்கள், தங்கள் மகனும் ஒருமுறை தன் கையால் மாற்றிப் பழகட்டும். ஓட்டும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தத் தாரையைத் திரும்பிப் பார்ப்பது பழக்கமாகிவிட வேண்டும்.

மாற்று இம்பெல்லர் இரண்டு, மாற்று புரொப்பல்லர், அதன் நட்டும் பின்னும், ஸ்பார்க் பிளக், கியர் எண்ணெய் ஆகியவை படகில் இருக்கட்டும். நைலான் வலை புரொப்பல்லரில் சுற்றினால் அறுத்து எடுத்துவிட்டோம் என்று விட்டுவிடாதீர்கள். நூல் உள்ளே போய் எண்ணெய்க் காப்பு வளையத்தை அறுத்திருக்கலாம். மாலையில் கியர் எண்ணெயைச் சொட்டு இறக்கிப் பாருங்கள். மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. எஞ்சின் நிறுத்தும் கயிற்றை ஓட்டுகிறவர் தம் உடுப்போடு மாட்டிக்கொள்ள வேண்டும். ஆள் விழுந்தாலும் படகு தானாக நிற்க அதுதான் வழி.


முனிர்க்கா செவிலியர்:

குடிநீரைப் பற்றி யாரும் எழுதவில்லை. பீகாரில் கங்கையை ஒட்டிய பல மாவட்டங்களிலும், மேற்கு வங்கத்தில் முர்ஷிதாபாத்திலும் ஆழ்துளைக் குழாய் நீரில் ஆர்சனிக் இருப்பது நெடுநாளாக அறியப்பட்டது. ஒரு வாரம் குடித்தால் பெரும் கேடு வந்துவிடாது என்றாலும், கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பிக் கரையோர அடிபம்பில் நிரப்பாதீர்கள். கொதிக்கக் கொதிக்க ஆர்சனிக் செறிவுதான் கூடும். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு நான்கு லிட்டர் என்று கணக்கிட்டு, முத்திரையிட்ட கேன்களை ஊர்தோறும் வாங்குங்கள். டைபாய்டு தடுப்பூசியைப் புறப்படுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். காலில் சிறு கீறல் இருந்தாலும் ஆற்று நீர் படாமல் மூடிக் கட்டுங்கள்.

இரவில் மணலில் பாய் விரித்துப் படுக்கவே கூடாது. கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் தூக்கத்திலேயே உயிர் போகலாம். நாற்புறமும் ஜிப் போட்டு மூடும் கூடாரம் வேண்டும். அதையும் செங்குத்தான கரைக்கு அடியில் போடாதீர்கள், கரை சரியும். கடி என்று சந்தேகம் வந்தால் வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுபோவது ஒன்றே வழி. ஒவ்வொரு நாள் தங்கலுக்கும் அருகில் உள்ள மாவட்ட மருத்துவமனையின் பெயரை வீட்டில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், இரவு எட்டு மணிக்குள் தொலைபேசி வராவிட்டால் 112-ஐ அழைக்க வேண்டும் என்றும் சொல்லி வையுங்கள்.

சாப்பாட்டுக்குப் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் போதும். சோறு மட்டும் வடித்தால் வேலை முடிந்தது. பெட்ரோல் கேன் இருக்கும் படகில் அடுப்பு மூட்டாதீர்கள், கரையில் இறங்கிச் சமையுங்கள்.


லேக் மார்க்கெட்டிலிருந்து வந்தவர்:

கொல்கத்தாவில் முப்பது ஆண்டுகள் இருந்துவிட்டு மகளோடு தில்லிக்கு வந்தவள் நான். ஹூக்ளியில் கடலின் ஏற்றவற்றமான ஓதம் நவத்வீபம் வரை ஏறும் என்பதை மறந்துவிடாதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடலிலிருந்து ஒரே அலையாகச் சுவர்போல எழும்பி வரும் நீரை அங்கே பான் என்பார்கள். "பான் வருது" என்று குரல் கேட்டதுமே படகுக்காரர்கள் படித்துறையில் கட்டியிருக்கும் படகுகளை அவிழ்த்து, நடு ஆற்றுக்குக் கொண்டுபோய் அலையை நேருக்கு நேர் எதிர்கொள்ள அணியத்தைத் திருப்பி வைப்பார்கள். கட்டிப் போட்ட படகு படியில் மோதிச் சிதறுவதைப் பாக்பஜாரில் கண்ணால் பார்த்திருக்கிறேன். துறைமுகம் வெளியிடும் ஓத அட்டவணை இல்லாமல் அந்தப் பகுதிக்குள் நுழைய வேண்டாம்.


மயூர் விகார் வாசி:

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு மூவரும் உட்கார்ந்து மறுபடி திட்டமிட்டோம். பயணத்தைப் பிப்ரவரி கடைசிக்கு மாற்றிவிட்டோம். பாட்னாவிலிருந்து சாகிப்கஞ்ச் வரை மட்டும் சென்று, அங்கே படகைக் கரையேற்றி லாரியில் கொண்டுவந்துவிடுகிறோம். ஃபராக்காவும் ஹூக்ளியும் அடுத்த ஆண்டுக்கு. பதிவுச் சான்று பற்றி விசாரித்ததில், முந்தைய உரிமையாளர் பதிவே செய்திருக்கவில்லை என்று தெரிந்தது; அதற்கான விண்ணப்பத்தைத் தொடங்கிவிட்டேன்.

இரண்டு ஐயங்கள் மட்டும் மிச்சம். உள்ளூர்ப் படகோட்டி ஒருவரை வழி முழுவதும் உடன் அழைத்துச் செல்ல வேண்டுமா? சோதனை ஓட்டத்தை எங்கே, எப்படிச் செய்வது?


ஆழம் அளந்தவன்:

நல்ல முடிவு, ஐயா. ஒரே ஆளை முழு வழிக்கும் அழைத்துச் செல்வதில் பயன் குறைவு. பாட்னா மல்லாஹுக்கு, அதாவது அவ்வூர்ப் படகோட்டிக்கு, பாட்னா ஆறு தெரியும். முங்கேருக்குக் கீழே அவரும் நம்மைப்போலப் புதியவரே. ஊருக்கு ஊர் ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். காலையில் மீன் இறக்கும் துறைக்குப் போய், அன்றைக்குக் கடக்கவிருக்கும் பகுதியில் வலை போடுகிற ஒருவரைக் கேளுங்கள். கூலியை முன்பே பேசி, அவர் ஊர் திரும்பும் செலவையும் சேர்த்துக் கொடுங்கள். அவர் ஓட்ட வேண்டாம், அணியத்தில் கழியோடு உட்கார்ந்து கை காட்டினால் போதும். உயிர்காப்பு உடுப்பு அவருக்கும் ஒன்று வேண்டும், நான்காவதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

சோதனை ஓட்டத்துக்குப் பிரிஜ்காட் போதும். அங்கிருந்து நரோரா வரையிலான பகுதி 2005 முதல் பன்னாட்டு உடன்படிக்கையின்படி பட்டியலிடப்பட்ட ராம்சார் ஈரநிலம், அங்கேயும் ஓங்கில்கள் உண்டு. ஆகவே உள்ளூர் நிர்வாகத்தின் ஒப்புதலோடு, வேகம் குறைத்து, குறுகிய தொலைவுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மூவரும் ஏறி, மற்றச் சாமான்களுக்குப் பதிலாக 20 லிட்டர் தண்ணீர்க் கேன்களை அடுக்கி, முழுச் சுமையோடு ஓட்ட வேண்டும். நீரோட்டத்தோடு ஒரு மணி நேரம், எதிர்த்து ஒரு மணி நேரம் ஓட்டி, தொட்டியில் குறைந்த பெட்ரோலை லிட்டர் கணக்கில் அளந்து எழுதுங்கள். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, துடுப்பால் மட்டும் ஓட்டத்தைக் குறுக்கே கடந்து கரை சேர எவ்வளவு நேரம் ஆகிறது, அதற்குள் படகு எவ்வளவு தூரம் கீழே அடித்துச் செல்லப்படுகிறது என்று பாருங்கள். எஞ்சின் நின்றுபோனால் பாலத்துக்கு எவ்வளவு தூரம் முன்னதாகவே கரை ஒதுங்கத் தொடங்க வேண்டும் என்பது அந்த அளவிலிருந்துதான் தெரியும். பிப்ரவரி முதல் ஞாயிறு எனக்கு வேலை இல்லை. தாங்கள் விரும்பினால் கழியை எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.